எலிகளுக்கு நான் விரித்த துணி

மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது இரண்டு எலிகளை என் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனாள். அவள் அம்மாவின் பொறுப்பில் அல்ல, என் பொறுப்பில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவரை எங்கள் வீட்டில் என்னை நம்பி யாரும் எதையும் விட்டுப் போனதில்லை.

வயலில் ஓடுகிற எலிகள் அல்ல. கல்லூரியில் உடன் படித்த பெண் கொடுத்த வளர்ப்பு எலிகள். இரண்டும் பெட்டை. ஒன்று முழு வெள்ளை. மற்றதற்கு உடம்பு வெள்ளை, தலை மட்டும் கறுப்பு. மகள் தங்கப்போன விடுதியில் எந்தப் பிராணியும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதத்தில் தோழிகளோடு தனி வீடு எடுத்துவிடுவேன், வந்து தூக்கிக்கொண்டு போகிறேன் என்றாள். என் மனைவி அந்தக் கூண்டு இருக்கிற அறைக்குள் காலே வைக்க மாட்டாள்.

"அப்பா, நீங்க பாத்துக்கிடுவீங்கள்ல?"

தலையை ஆட்டினேன்.

எனக்குப் பேச்சு வராது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கு நடுவே முப்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். அங்கே கத்தினால்தான் அடுத்த ஆளுக்குக் கேட்கும். கத்த வெட்கப்பட்டே நான் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது துணி வெட்டும் பிரிவில் இருக்கிறேன். அங்கே சத்தம் குறைவு, ஆனால் பழக்கம் போகவில்லை. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தவரை தூக்கி வைத்துக்கொண்டால் போதும். வளர்ந்த பெண்ணிடம் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவளும் அம்மாவிடம்தான் எல்லாம் பேசுவாள். கடைசியில் "அப்பா சாப்ட்டாரா?" என்று கேட்பாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

எலிகள் வந்த பிறகு அது மாறியது. தன்னுடைய பழைய போனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் சாயங்காலம் நான் வேலை முடிந்து முகம் கழுவுகிற நேரத்துக்கு அதில் கூப்பிடுவாள். "காட்டுங்கப்பா" என்பாள். நான் போனைக் கூண்டுக்கு நேரே பிடிப்பேன். எலிகளைப் பார்த்து முடித்ததும் என் முகத்தைக் காட்டச் சொல்வாள். முட்டி வலி எப்படி இருக்கிறது, தைலம் தேய்த்தீர்களா என்பாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் என்னோடு நேராகப் பேசிய பேச்சு, அதற்கு முந்தைய பத்து வருடத்தில் பேசியதைவிட அதிகம். எலிக்கு ஒன்று என்றால் அந்தப் பேச்சும் நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அஜாக்கிரதையாக இருக்கவில்லை. இதை யாரும் நம்பப்போவதில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

கூண்டு லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்களுக்காக வெல்டிங் பட்டறையில் செய்தது. தரையும் கம்பி வலைதான். எச்சம் கீழே தட்டில் விழுந்துவிடும், கழுவுவது சுலபம். ஒரு மாதம் போல ஆனதும் மகள் ஒருநாள் போனில் கேட்டாள்.

"அப்பா, வெள்ளையோட பின்னங்காலத் தூக்கிக் காட்டுங்க. குதிகாலு."

காட்டினேன். குதிகாலில் கடுகளவு சிவந்திருந்தது. மற்றதற்கும் அப்படித்தான்.

"கம்பி மேலயே நின்னா அப்படித்தான் ஆகும்பா. நாள் பூரா நம்மள ஏணிப்படியில நிக்கச் சொன்னா எப்படி இருக்கும்? அது புண்ணாயி சீப் பிடிச்சிரும். அதுக்கு ஒரு தரை வேணும்."

மறுநாள் அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டேன். ஒரே நாளில் ஈரமாகி நாறியது, பாதியைக் கடித்தும் போட்டிருந்தன. அதன் பிறகுதான் மரத்தூள் நினைவு வந்தது. எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி மரம் அறுக்கிற மில் இருக்கிறது. சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். மூன்று பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள்.

"எதுக்கு அண்ணாச்சி தூளு? அடுப்புக்கா?"

"இல்ல. எலிக்கு."

"எலியப் பிடிக்கவா? அதுக்கு மருந்துல்ல வைக்கணும்."

"வளக்க எலி. கீழ பரப்ப."

கேட்டவன் ரம்பத்தை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக் கத்தினான். "ஏலே, இங்க வா. அண்ணாச்சி வீட்ல எலி மாசமா இருக்கு போல. மெத்தை கேக்காரு."

உள்ளேயிருந்து வந்தவன் இடுப்பில் கை வைத்து நின்று என்னைப் பார்த்தான். "ஊருல பூராப்பேரும் நாயி வளக்கான். அண்ணாச்சி அதுக்குத் தீனி வளக்காரு."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். சாக்கு நிரம்பியதும் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது என்ன மரத்தின் தூள் என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

நாலாம் நாள் இரண்டு எலிகளும் தும்மத் தொடங்கின. மூக்கைச் சுற்றிச் செம்பழுப்பாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. தும்மல் போனில் அவளுக்கே கேட்டுவிட்டது.

"என்ன மரம்பா அது?"

"தெரியலம்மா."

"கேக்கலையா?"

போனைக் கூண்டுப் பக்கம் திருப்பினேன். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. கோபம் இல்லை. "சரிப்பா. பிசின் வாசம் உள்ள மரத்தூளு எலியோட நெஞ்சுக்கு ஆகாது. முதல்ல அத அள்ளிருங்க. என்ன போடலாம், என்ன போடக் கூடாதுன்னு நான் விவரமா எழுதி அனுப்புதேன். ஆபீஸ்ல சத்தமாப் பேச முடியாது. படிச்சுப் பாத்துச் செய்ங்க."

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அது வந்தது. விரலால் இரண்டு தடவை தள்ளினால்தான் முடிவு தெரிகிற அளவுக்கு நீளம். முழுக்க ஆங்கில எழுத்து. தமிழ்ப் பேச்சையே ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் இப்போது பிள்ளைகளின் வழக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தமிழ் நன்றாக வாசிப்பேன், தினமும் டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்தால் தெரியாது. மகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டியும் வராது. அவளுக்கு இது தெரியாது. பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டது அவள் அம்மாதான். எனக்கு நேரமில்லை என்று மகள் நினைத்திருப்பாள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சோற்றுத் தூக்கை மூடி வைத்துவிட்டு முதல் வரியோடு மல்லுக்கு நின்றேன். "அப்பா" என்பது பிடிபட்டது. கொஞ்சம் தள்ளி "எலி" பிடிபட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

கேட்டிருக்கலாம். ஆலை ஆபீசில் உட்கார்ந்திருக்கிற பெண் நல்ல பிள்ளை. மனைவி பத்தாவது படித்தவள், ஒரு நிமிடத்தில் வாசித்திருப்பாள். ஆனால் அன்று சாயங்காலமே சிரித்துக்கொண்டு மகளிடம் சொல்லியும் இருப்பாள்: "நீ எழுதுனத ஒங்கப்பாவுக்கு நாந்தான் வாசிச்சுக் காட்டுனேன்." அதில் அவளுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. எனக்குத்தான் தாங்காது. செய்தியின் கீழே கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டேன். உடனே அவளிடமிருந்து ஒரு சிவப்பு இதயம் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மிச்ச வேலையைச் செய்தேன். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போது கூசுகிறது.

கம்பி ஆகாது, மரத்தூள் ஆகாது. சரி, எது ஆகும்? எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நாங்கள் நெய்கிற துணியைவிட மிருதுவானது, சுத்தமானது உலகத்தில் எது இருக்கிறது? வேகவைத்து, வெளுத்து, அலசி, காயவைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற துணி. மனிதனின் திறந்த புண்மேல் வைக்கிற துணி. எலியின் குதிகாலுக்கு அது போதாதா? கறை விழுந்து கழிக்கிற துண்டுகளை ஆட்கள் வீட்டுக்கு எடுத்துப் போவது வழக்கம்தான். ஒரு பை நிறைய எடுத்து வந்தேன்.

எங்கள் துணி நெருக்கமாக நெய்தது அல்ல. எதிர்ப்பக்கம் தெரிகிற மாதிரி இழைகளுக்கு நடுவே இடம் விட்டு நெய்வது. வெட்டின ஓரத்தில் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். அதனால்தான் புண்ணில் வைக்கிற துண்டுகளை மடிக்கும்போது ஓரத்தை உள்ளே தள்ளி மடிக்கிறார்கள். ஒரு நூல்கூடப் புண்ணுக்குள் போய்விடக் கூடாது. மடிக்கிற பெண்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறவன் நான். எனக்கு அது தெரியாமல் இல்லை. கூண்டுக் கம்பிமேல் தகரம் வெட்டிப் போட்டு, துணியை எட்டு மடிப்பாக மடித்து, ஓரமெல்லாம் உள்ளே தள்ளி, சுற்றித் தைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன்.

"எலிக்கு மெத்தை தைக்கேன்," என்றாள் அவள், மெஷினை மிதித்துக்கொண்டே. "தலகாணியும் வேணுமா, கேட்டுட்டு வாங்க. பொறவு ஒரு தடவ என்னால உக்கார முடியாது."

எலிகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அதன் மேல் நீட்டி நிமிர்ந்து படுத்தன. தும்மல் நின்றது. குதிகாலின் சிவப்பும் வெளிறியது. மகள் போனில் பார்த்தாள்.

"வெள்ளையா என்னப்பா அது? துணியா? நான் எழுதுன மாதிரிதானே போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"சூப்பர்ப்பா."

மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் தீனி வைக்கக் கதவைத் திறந்தேன். வெள்ளை மட்டும் வந்தது. கறுப்புத் தலைக்காரி மூலையில் இருந்தாள். கையில் எடுத்ததும் தெரிந்தது. பின்னங்கால் ஒன்று கணுக்காலுக்குக் கீழே உப்பி, கருநீலமாக இருந்தது. கணுக்காலைச் சுற்றி ஒரு நூல். தலைமயிர் கனம்தான் இருக்கும். இரண்டு மூன்று சுற்று சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் தையலைக் கடித்து ஓட்டை போட்டு, உள்ளே புகுந்து, மடிப்பையெல்லாம் நூல் நூலாகப் பிரித்து வைத்திருந்தன. எலி கடிக்கும். அதுதான் அதன் பிழைப்பு. அந்த ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நான் துணியைப் பற்றி யோசித்தேன், எலியைப் பற்றி யோசிக்கவில்லை.

வயிற்று வலி என்று ஆலைக்குச் சொல்லிவிட்டு, பேண்டேஜ் சுருள் அடுக்குகிற அட்டைப்பெட்டி ஒன்றில் அதை வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ராஜபாளையத்திலேயே கால்நடை ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் நாயைப் பிடித்துக்கொண்டு தெரிந்தவர்கள் வருவார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பெட்டிக்குள் அது அசைகிறதா என்று காதை வைத்துக் கேட்டுக்கொண்டு போனேன். ஊர் மாறிப் போனதில் ஒரு மணி நேரம் வீண்.

அங்கே வரிசையில் எனக்கு முன்னால் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் ஆட்டோடு நின்றார். பெட்டியைப் பார்த்துவிட்டு, "கோழிக்குஞ்சா அண்ணே?" என்றார்.

"எலி."

"எலிக்கா வைத்தியம்?" சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "டாக்டரம்மாவ எங்க காட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அங்க எம்புட்டோ பேஷண்டு கெடக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பெட்டியை மூடப்போனேன். அதற்குள் அவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. "அடப் பாவமே, காலு போச்சே," என்று ஆட்டின் கயிற்றைச் சுண்டி இழுத்து ஒதுங்கினார். "நீங்க முன்ன போங்க. இவளுக்கு வயிறு உப்புசந்தான், செத்த நேரம் நிப்பா."

டாக்டர் சின்ன வயதுப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். முகத்தைச் சுளிக்காமல் எலியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, நூலை மெல்லிய கத்தரியால் எடுத்தாள். எடுத்து முடித்ததும் பாதத்தை அழுத்திப் பார்த்தாள். எலி கத்தவில்லை.

"உணர்ச்சியே இல்ல. பாதம் செத்துருச்சு சார். இத வெட்டுனா இந்தச் சின்ன உடம்பு தாங்குமான்னு தெரியல. தானாக் காஞ்சு விழுந்துரும். மேல பரவாம மருந்து தாரேன். கீழ என்ன விரிச்சிருந்தீங்க?"

"பேண்டேஜ் துணி."

"அய்யோ, அது நூல் பிரியுமே. எலிக்கு அதப் போடக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?"

அப்போது ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அவள் என்னைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியமாக இருக்கலாம். போனை எடுத்து அந்தச் செய்தியைத் திறந்து நீட்டினேன்.

"இத வாசிச்சுச் சொல்லுங்கம்மா. கண்ணாடி எடுத்துட்டு வரல."

எனக்குக் கண்ணாடி கிடையாது. அவள் போனை வாங்கி வாசித்தாள்.

"அப்பா, எலிக்குத் தரை போடுறது இப்படித்தான். கம்பி வேண்டாம். மரத்தூள் வேண்டாம். அடியில வழவழன்னு பிளாஸ்டிக் தட்டு ஏதாவது போடுங்க. அதுக்கு மேல பீரோவுல இருக்கிற குளிர்ப் போர்வைய வெட்டிப் போடுங்க, அந்தப் பொசுபொசுன்னு இருக்கிறது. அத வெட்டுனாலும் கடிச்சாலும் நூல் பிரியாது. மூணு நாளைக்கு ஒருக்க துவைச்சு மாத்துங்க. பக்கத்துல வெள்ளைக் காகிதத்தக் கிழிச்சுப் போட்டா அதுவே கூடு கட்டிக்கிடும். ஒண்ணே ஒண்ணு, உங்க ஆலைத் துணிய மட்டும் போட்டுறாதீங்க. உங்களுக்கு அதுதான் முதல்ல தோணும்னு எனக்குத் தெரியும். அந்த நூலு கால்ல சுத்துனா காலே போயிரும். நீங்க அங்க இருக்கிறதுனாலதான் நான் இங்க கவலையில்லாம இருக்கேன்."

வாசித்து முடித்துவிட்டு அவள் விரலைக் கீழே நகர்த்தினாள். நான் போட்டிருந்த கட்டைவிரல் பொம்மையைப் பார்த்திருப்பாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். நூல், கால், ஆஸ்பத்திரி எல்லாம்.

"ஆலைத் துணியாப்பா போட்டீங்க?"

"ஆமா."

"அத மட்டும் போடாதீங்கன்னு எழுதியிருந்தேனே. நீங்க படிக்கலையா?"

இதோ இந்த இடம். படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். அவள் ஒருவேளை அழுதிருப்பாள். என்னைத் திட்டியிருக்க மாட்டாள்.

"படிச்சேன்."

"படிச்சிட்டுமா போட்டீங்க?"

"மறந்துட்டேன்."

போன் நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் எழுத்துத் தெரியாதவன். மற்றவன், மகள் கெஞ்சி எழுதியதைப் படித்துவிட்டு மறந்துபோகிற நெஞ்சுள்ளவன். எவனாக இருக்க வேண்டும் என்று கேட்டபோது இரண்டாமவனைத் தேர்ந்தெடுத்தேன். யோசித்து எடுத்ததல்ல. வாய் தானாகச் சொன்னது. அதுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை பாதம் உதிர்ந்தது. கறிவேப்பிலைக் காம்பு மாதிரிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மூடியிலும் பக்கத்திலும் காற்றுக்கு ஓட்டை போட்டிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு தோழியின் வீட்டில் இடம் கேட்டிருப்பதாக அம்மாவிடம் சொன்னாள். அம்மா சொன்னாள்: "ஒங்கப்பா ரெண்டு நாளாச் சரியாச் சோறே திங்கலட்டி."

மகள் பீரோவைத் திறந்து அந்தப் போர்வையை எடுத்தாள். எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது, விரிக்காமலே கிடந்தது. கத்தரியால் ஒரு மூலையை வெட்டி, வெட்டின ஓரத்தை என் பக்கம் நீட்டி நகத்தால் சுரண்டிக் காட்டினாள். ஒரு நூல் வரவில்லை. பெட்டியின் அடியில் அதை விரித்தாள். ஐந்து நிமிட வேலை. கறுப்புத் தலைக்காரியை எடுத்து வைத்தாள். அது மூன்று காலில் தட்டுத்தடுமாறி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போர்வைக்கு அடியில் புகுந்துகொண்டது. வெள்ளையும் பின்னாலேயே போனது. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மதுரை பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் தூக்கிக் கொடுத்த பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என் முகத்தை அப்போதுதான் பார்த்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு வேலை நேரத்துல அனுப்பிட்டேன். நீங்க முழுசாப் படிச்சிருக்க மாட்டீங்க. மேலாப்புல பாத்திருப்பீங்க. அப்படித்தானே?"

அவள் எனக்காகத் தேடி எடுத்துக்கொண்டு வந்த சமாதானம் அது. வழியெல்லாம் யோசித்திருப்பாள். "ஆமா" என்று சொல்லியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். அதன் பிறகு மெதுவாக, இன்னொரு நாள், உண்மையையும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் முழுதாகப் படிக்கவில்லை என்று அடுத்துக் கேட்பாளோ என்று பயந்தேன்.

"முழுசாத்தாம்மா படிச்சேன்," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியின் மூடியைச் சரிசெய்தாள். பஸ் கிளம்பும்வரை அதையே சரிசெய்துகொண்டிருந்தாள்.

இப்போது சாயங்காலம் போன் அவள் அம்மாவுக்குத்தான் வருகிறது. நான் முகம் கழுவிவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்துகொள்கிறேன். மூன்று காலிலும் நன்றாக ஓடுகிறதாம், படிகூட ஏறுகிறதாம். மனைவி அவளிடம் திருப்பிக் கேட்கிற கேள்விகளிலிருந்து இதைத் தெரிந்துகொண்டேன்.